பழைய வண்டி சூடாகிறதா? ரேடியேட்டரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: 10 வயதைத் தாண்டிய ஜப்பானிய வண்டியில் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் கெடாது, அதைச் சுற்றியிருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் முதலில் போகும். வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன், சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும் கூடுதல் கட்டணம் என்று எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கும் நல்ல வண்டியை, ‘சூடாகிறது, எஞ்சின் போச்சு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஸ்கிராப்புக்கு அனுப்புகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வண்டி 2009இல் பதிவானது. போன வருடம் ஜோகூர் போகும்போது உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தேன், சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. சோதனைச்சாவடி கடந்து சாலையில் வேகம் பிடித்ததும் தானாகவே இறங்கிவிட்டது. திரும்பி வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், போனட்டைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். எந்தச் சோதனையும் செய்யவில்லை. சூடு எப்போது ஏறியது என்றுகூடக் கேட்கவில்லை. சரி என்று சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எப்போது ஏறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றோட்டத்தில் கோளாறு, அதாவது பெரும்பாலும் ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. இதற்கு நேர் எதிராக, பிஐஇ விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏறி, மெதுவாக ஓட்டினால் இறங்குகிறதா? அப்போது கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், போதுமான அளவு ஓடவில்லை என்று பொருள்: ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு) பாதியில் மாட்டியிருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சும் வேகத்தில் சப்பையாகிக்கூட இருக்கலாம். முள் திடீரென்று ஏறி இறங்கி ஆடினால் கூலன்ட் குறைந்து உள்ளே காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபேனைச் சந்தேகப்பட்டால் ஏர்கானே சாட்சி சொல்லும். நம் ஊரில் ஏர்கான் இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை. சிக்னலில் நிற்கும்போது குளிர் குறைந்து, வண்டி நகர்ந்ததும் மறுபடி சில்லென்று வருகிறதா? ஏர்கானின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும் காற்று ஒன்றுதான், அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் புகார் சொல்லும். என் வண்டியில் இரண்டு ஃபேன். ஏர்கானைப் போட்டுவிட்டு முன்னால் போய்ப் பார்த்தேன், ஒன்று சுற்றியது, மற்றது அசையவில்லை. ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலேயை மாற்றிப் பார்த்தும் பயனில்லை, மோட்டார் பிரஷ் தேய்ந்திருந்தது. இவ்வளவு எளிய விஷயத்துக்கு எஞ்சினைப் பிரிக்கச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

டாஷ்போர்டு முள்ளை முழுதாக நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது வேண்டுமென்றே நடுவில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். சூடு பல டிகிரி கூடினாலும் அசையாது, அசையும்போது நிலைமை முற்றியிருக்கும். வண்டியின் கணினியைப் படிக்கும் மலிவான புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கி மாட்டினால் கைப்பேசியில் உண்மையான எண் தெரியும். பெரும்பாலான வண்டிகளில் 85 முதல் 95 டிகிரி சாதாரணம், வரிசையில் நிற்கும்போது 100ஐத் தொட்டு ஃபேன் சுற்றியதும் இறங்கினால் பயமில்லை, 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள்.

ஃபேன் சரியான பிறகும் என் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் அளவு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. பழைய வண்டியில் இப்படித்தான், ஒரு கோளாறுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும். ஒன்று சரியானதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது.

கசிவைத் தேடும்போது நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. வண்டிக்கு அடியில் எப்போதும் ஈரம் இருக்கும், ஏனென்றால் ஏர்கான் தண்ணீர் சொட்டும். வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாவிட்டால் ஏர்கான் தண்ணீர். இளஞ்சிவப்போ பச்சையோ நீலமோ தெரிந்து, விரலில் வழவழப்பாக, இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இரவு ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்து வைத்தால், காலையில் எந்த இடத்துக்கு நேராகச் சொட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சொட்டியிருந்தால் உடனே துடைத்துவிடுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம், நம் புளோக்கின் கீழே சுற்றும் பூனைகள் நக்கினால் செத்துப்போகும்.

ஆனால் சொட்டாமலேயே குறையும் கசிவுகள்தான் அதிகம், சூடான எஞ்சினில் பட்டு ஆவியாகிவிடும். அதற்குக் காய்ந்த கறையைத் தேட வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும், உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கசிந்து உப்புப் படிந்ததுபோல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்திருக்கும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் பகுதி அலுமினியத்தோடு சேரும் விளிம்பையும் பாருங்கள், கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது. கால் வைக்கும் கார்ப்பெட் ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போலப் படிந்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது. ஹீட்டரை நாம் தொடுவதே இல்லை, ஆனால் அது உள்ள வண்டிகளில் கூலன்ட் அதன் வழியாகவும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இத்தனையும் பார்த்து ஒன்றும் தெரியவில்லையென்றால் பிரஷர் டெஸ்ட். காக்கி புக்கிட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன், அவரிடம் போனேன். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருந்த 1.1 அளவுக்கு ஏற்றிவிட்டு விட்டுவிட்டார். மூடியில் உள்ள எண்ணுக்கு மேல் ஏற்றவே கூடாது, நல்ல பாகமும் உடையும். சற்று நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது, டார்ச் அடித்தால் ரேடியேட்டரின் மேல் விளிம்பில் முத்துமுத்தாகத் தண்ணீர். அப்புறம் மூடியையும் தனியாகச் சோதித்தார். மூடியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் அது குக்கர் வெயிட் மாதிரி: அழுத்தத்தைத் தாங்கி நிறுத்துவதால்தான் சரிபாதி கலந்த கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் முன்னதாகவே கொதித்து வெளியே தள்ளும். மலிவான பாகம், முதலில் அதை மாற்றிவிடலாம்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தையும் அன்றே தீர்த்துக்கொண்டேன். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதில் நீலத் திரவம் ஊற்றி, எஞ்சினை ஓடவிடுவார்கள். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்தால் நீலம் மஞ்சளாகும். என்னுடையது நீலமாகவே இருந்தது. எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறவர்களிடம் இந்தச் சோதனையை முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வருவது, இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை இவையெல்லாம் இருந்தால் அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

ரேடியேட்டர் மாற்றிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகத் திறந்து, ஃபேன் தானாக ஓடத் தொடங்கி நிற்பது இரண்டு முறை நடக்கும்வரை பொறுமையாக ஓடவிட வேண்டும். இங்கே பனி இல்லையே, குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, துருவைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்கவும் வேண்டாம், ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு நிறம் போடும், வண்டியின் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். பழையதைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அது நம் நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடுங்கள்.

விரைவுச்சாலையில் போகும்போது சூடு ஏறினால் ஏர்கானை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் போட்டு, ஓரத்தில் நிறுத்துங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், கொதிநீர் முகத்தில் அடிக்கும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி விரைவுச்சாலையிலிருந்து அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்துக்கு இலவசமாகவே இழுத்துக்கொண்டு போய் விடும். அடுத்த வெளிவழி வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், சில நூறு வெள்ளியில் முடிந்திருக்கும் வேலையில் ஹெட்டே வளைந்துவிடும்.