ஒன்பதாவது வரியில் நின்ற வரைபடம்: வடஆர்க்காட்டுக் குகைக்கோயில்களைப் போனில் ஏற்றிய கதை

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய குகைக்கோயில்களைப் பார்க்கப் போகும் ஐந்து பேர் நாங்கள். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று வேலூரைச் சுற்றியே எல்லோருக்கும் வீடு. கிளம்புவதற்கு முந்தைய இரவு வாட்ஸப்பில் ஒரே கேள்விதான் சுற்றும்: மாமண்டூருக்கு எந்த வழி, சீயமங்கலத்துக்கு வந்தவாசி போய்ப் போவதா, தேசூர் பக்கமாகவா.

மாவட்ட வாரியாக ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. வடஆர்க்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது. அதிலிருந்து வந்த வேலூர் 2019-ல் மூன்றானது. மகேந்திரவாடி இப்போது இராணிப்பேட்டையில். மாமண்டூர், குரங்கணில்முட்டம், சீயமங்கலம் மூன்றும் திருவண்ணாமலையில். வள்ளிமலை வேலூரில். பழைய புத்தகங்களைத் திறந்தால் எல்லாமே வடஆர்க்காடு ஜில்லா. இந்த இடங்களை ஒன்றாகப் பார்க்க, போனில் ஒரு வரைபடச் செயலிதான் வழி என்று தோன்றியது. ஒரு புள்ளியைத் தொட்டால் கல்வெட்டு என்ன சொல்கிறது, நாங்கள் எப்போது போனோம், எடுத்த படங்கள் எல்லாம் வர வேண்டும். அக்கா மகன் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது என் லேப்டாப்பில், போன் செயலிகளை எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைப் போட்டுக் கொடுத்து, இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து அடிப்படையைச் சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் தனியாகச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது லேஅவுட் கோப்பு. டேக் எனப்படும் குறிகளால் ஆன எக்ஸ்எம்எல்லில் எழுதுவது. அதில் ஒரு ஃப்ராக்மென்ட் (திரையின் ஒரு தனிப் பகுதி) டேக் போட்டு, அதன் பெயராக கூகுள் மேப்ஸின் சப்போர்ட்மேப்ஃப்ராக்மென்ட் என்ற வகுப்பைக் (கிளாஸ்) கொடுத்தால் அந்த இடத்தில் வரைபடம் வந்து உட்காரும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

முதல் இரண்டு மாலைகளும் சின்னத் தவறுகளில் போயின. லேஅவுட் கோப்புக்கு மகேந்திரவாடி என்று பெயர் வைத்தபோது முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அங்கே சிறிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் தவிர எதையும் ஏற்காது. இன்னொரு கோப்பில் எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு மேலே ஒரு காலி வரி விட்டிருந்தேன். அந்த அறிவிப்பு கோப்பின் முதல் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். பிறகு, முதலில் தெரிய வேண்டிய இடம், ஜூம் அளவு ஆகியவற்றை மேப் என்ற முன்னொட்டுடன் எழுதினேன். அந்த முன்னொட்டு எதைக் குறிக்கிறது என்று கோப்பில் ஒரு நேம்ஸ்பேஸ் வரி சொல்ல வேண்டும். அது இல்லாததால் எல்லாம் சிவப்புக் கோடாக நின்றன. இந்த மூன்றிலும் பிழைச் செய்தி சொன்ன இடத்திலேயே தவறும் இருந்தது. அதனால் செய்தி காட்டும் வரியில்தான் எப்போதும் தவறு இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

அந்த நம்பிக்கையில் அடுத்த மூன்று இரவுகள் போயின.

பில்ட், அதாவது எழுதியதைச் செயலியாகக் கட்டும் வேலை, சரியாக முடிந்தது. போனில் செயலியைத் திறந்தேன். திரை ஒரு நொடி வெள்ளையாகி மூடிக்கொண்டது. செயலி ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்யும் லாக்கேட்டில் சிவப்பு எழுத்தில், பைனரி எக்ஸ்எம்எல் கோப்பின் 9-ஆவது வரியில் ஃப்ராக்மென்ட் வகுப்பை இன்ஃப்ளேட் செய்வதில் பிழை என்று இருந்தது. என் கோப்பின் 9-ஆவது வரி அந்த ஃப்ராக்மென்ட் டேக்தான். அகலத்தையும் உயரத்தையும் மாற்றினேன். ஐடியை மாற்றினேன். வகுப்பின் பெயரை அழித்துவிட்டு எழுத்தெழுத்தாகத் திரும்ப அடித்தேன். கான்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டை எடுத்துவிட்டு ஃபிரேம் லேஅவுட் போட்டேன். செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலில் கூகுள் மேப்ஸ் நூலகத்தின் பதிப்பை ஏற்றி இறக்கினேன். டேக் இடம் மாறினால் வரி எண் மாறியது, பிழை மாறவில்லை. மூன்றாம் நாள் இரவு பத்தரைக்கு அக்கா மகனுக்குப் போன் செய்தேன்.

"மாமா, மேல இருக்கறத விடுங்க. கீழ 'காஸ்டு பை'னு வரும், காரணம் அதுதான். அதுல கடைசியா இருக்கறத மட்டும் படிங்க."

"கீழ நூறு வரி இருக்கேடா."

"எல்லாம் வேணாம் மாமா. கடைசி காஸ்டு பை. அத எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

படித்துக் காட்டினேன். ஏபிஐ கீ (வரைபடத்தைப் பயன்படுத்த கூகுள் தரும் சாவி) காணவில்லை, செயலியின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் அப்ளிகேஷன் டேகுக்கு உள்ளே கீயைத் தரும் மெட்டாடேட்டா வரி இருக்கிறதா பார் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியை நான் போட்டுத்தான் இருந்தேன். ஆனால் அனுமதி கேட்கும் வரிகளுக்குப் பக்கத்தில், அப்ளிகேஷன் டேக் தொடங்குவதற்கு மேலே. வெட்டி, டேகுக்கு உள்ளே ஒட்டினேன். வேலூர் தெரிந்தது. கோட்டையின் அகழி நீலமாகச் சுற்றி வந்தது. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

இது ஏன் இப்படி என்று மறுநாள் உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொண்டேன். இன்ஃப்ளேட் செய்வது என்றால், லேஅவுட் கோப்பை மேலிருந்து படித்துக்கொண்டே ஒவ்வொரு டேகுக்கும் உரிய பொருளை உண்டாக்குவது. 9-ஆவது வரிக்கு வந்ததும் ஃப்ராக்மென்ட் உருவாகிறது. உடனே மேப்ஸ் நூலகம் விழித்து மேனிஃபெஸ்டில் கீயைத் தேடுகிறது. இல்லை என்றதும் பிழையை எறிகிறது. அந்த நேரத்தில் 9-ஆவது வரியைப் படித்துக்கொண்டிருந்த லேஅவுட் பகுதி, அந்தப் பிழையின் மேல் தன் வரி எண்ணை எழுதி மேலே அனுப்பிவிடுகிறது. ஆக வரி எண் சொல்வது வேலை எங்கே நின்றது என்பதை. ஏன் நின்றது என்பது அடியில் கிடக்கிறது. கையே வைக்கத் தேவையில்லாத ஒரு கோப்பை மூன்று இரவு திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் புள்ளிகளை ஏற்றினேன். ஒன்றுகூடத் தெரியவில்லை. வரைபடத்துக்கு மேல் வேறெதுவும் மூடி நிற்கிறதோ என்று திரும்பவும் லேஅவுட்டில்தான் தேடினேன். லாக்கேட்டில் பிழையே இல்லை என்பதைக் கவனித்ததும் நிறுத்திவிட்டு, வரைபடத்தை விரலால் சுருக்கிக்கொண்டே போனேன். ஆர்க்டிக் கடலில், நார்வேக்குச் சொந்தமான ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேல் என் குகைகள் எல்லாம் கூட்டமாக நின்றன. குறிப்புகளை, இடங்களைக் குறித்து வைக்கும் ஜியோஜேசன் கோப்பில் வைத்திருந்தேன். அதில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை பிறகு. வரைபடத்தில் இடத்தைச் சொல்லும் லேட்லாங்குக்கு அட்சரேகை முதலில் வேண்டும். வேலூருக்கு 12.92, 79.13. இதைத் திருப்பிப் போட்டால் வட துருவத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய் விடுகிறது. இரண்டு எண்ணும் ஏற்கக்கூடிய எல்லைக்குள்ளேயே இருப்பதால் எந்த எச்சரிக்கையும் வராது.

மாசி மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவனுடைய லேப்டாப்பில் அதே செயலியை பில்ட் செய்து பார்த்தோம். கிராஷ் இல்லை. ஆனால் வரைபடம் வெறும் சந்தன நிறம், இடது மூலையில் கூகுள் என்ற எழுத்து மட்டும். என் கீயை என் செயலிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தி வைத்திருந்தேன். அதற்குச் செயலியின் பேக்கேஜ் பெயரும், அதில் இடும் கையெழுத்தை அடையாளம் காட்டும் எஸ்எச்ஏ-1 கைரேகையும் கொடுக்க வேண்டும். சோதனைக்கான கையெழுத்துச் சாவி இருக்கும் டீபக் கீஸ்டோர் கணினிக்குக் கணினி வேறு, அதனால் கைரேகையும் வேறு. எந்தக் கைரேகையைச் சேர்க்க வேண்டும் என்று லாக்கேட்டே எழுதிக் காட்டியது. சேர்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம், வந்துவிட்டது.

கோயிலுக்கு ஒரு பக்கம் என்று வைத்தேன்: மேலே படம், நடுவே சின்ன வரைபடம், கீழே கல்வெட்டுக் குறிப்பு. எல்லாம், மேலும் கீழும் உருட்டக்கூடிய ஸ்க்ரோல்வியூவுக்குள். அங்கே வரைபடத்துக்கு ரேப் கன்டென்ட் (உள்ளடக்கத்துக்கு ஏற்ற அளவு) என்று உயரம் கொடுத்தால் ஒழுங்காக நிற்கவில்லை. 220 டிபி (திரையில் அளக்கும் அலகு) என்று நிலையான உயரம் கொடுத்ததும் நின்றது. விரலால் இழுத்தால் நகர வேண்டியது வரைபடமா பக்கமா என்ற சண்டை மட்டும் தீரவில்லை. கடைசியில் லைட் மோடு என்ற ஒரு வரியை லேஅவுட்டில் சேர்த்தேன். வரைபடம் அசையாத படமாகிவிடும், தொட்டால் போனில் இருக்கும் மேப்ஸ் செயலி திறக்கும். ஒரு கோயிலின் பக்கத்துக்கு இது போதும். அசைகிற வரைபடத்தைவிடச் சீக்கிரமும் திறக்கிறது.

அந்தப் பக்கத்தை முதல் முறை திறந்தால் சரி, பின்னால் போய்த் திரும்ப வந்தால் கிராஷ். மறுபடியும் பைனரி எக்ஸ்எம்எல், மறுபடியும் இன்ஃப்ளேட் பிழை. இந்த முறை நேராகக் கடைசி காஸ்டு பைக்குப் போனேன். ஐடி இரட்டிப்பு என்று இருந்தது. ஒரு ஃப்ராக்மென்டின் லேஅவுட்டுக்குள் இன்னொரு ஃப்ராக்மென்டை டேகாக எழுதியிருந்ததால், பழைய வரைபடம் போகாமல் இருந்தபோதே, அதே ஐடியில் புதியது வந்து மோதியிருக்கிறது. டேகை எடுத்துவிட்டு ஃப்ராக்மென்ட்கன்டெய்னர்வியூ என்ற காலிப் பெட்டியை வைத்து, உள்ளே இருக்கும் ஃப்ராக்மென்ட்களைக் கவனிக்கும் சைல்டு ஃப்ராக்மென்ட் மேனேஜர் வழியாக வரைபடத்தைச் சேர்த்தேன். இருபது நிமிட வேலை. ஜனவரியில் வந்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

போன ஞாயிறு ஐந்து பேரும் மகேந்திரவாடிக்குப் போனோம். வெட்டவெளியில் ஒற்றைப் பாறை, அதற்குள் குடைந்த சிறு கோயில். மகேந்திர தடாகத்தின் கரையில் மகேந்திர விஷ்ணுகிருகத்தை எடுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டில் மகேந்திரவர்மன் சொல்கிறான். படியில் உட்கார்ந்து செயலியைத் திறந்தேன். என் புள்ளி அரைக் கிலோமீட்டர் தள்ளி, வயலுக்கு நடுவே நின்றது. பழைய குறிப்பில் தசமத்துக்குப் பின் இரண்டு இடம் மட்டும் எழுதி வைத்திருந்தேன். 0.01 பாகை என்றால் தரையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஐந்து இடம் எழுதினால் ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடும். தூண்களுக்கு முன்னால் நின்று போன் காட்டிய எண்ணை ஐந்து இடத்துக்கும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மாற்றியதும் புள்ளி பாறையின் மேல் போய் நின்றது. மாமண்டூரும் வள்ளிமலையும் இன்னும் இரண்டு இடத்தில்தான் இருக்கின்றன. வரும் ஞாயிறு மாமண்டூர்.