ஏழாவது மாதம்

தண்டையார்பேட்டை வீட்டுக் கூடத்தில் அக்கா மகள், நிஜம்போல் காட்சி காட்டும் விஆர் ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, காற்றில் எதையோ நுழைத்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, காலி பாட்டிலை மெஷின்ல போட்டா 25 சென்ட் வரைக்கும் திரும்பத் தருவாங்க!”

மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். ரயிலில் இடம் கேட்பது, பேராசிரியரிடம் சந்தேகம் கேட்பது என்று எல்லாம் அதற்குள்ளேயே பழகிப் பார்க்கிறாள். தப்பாகப் பேசினாலும் முறைக்க ஆளில்லை. கூச்சப்படுகிற பிள்ளைக்கு இது பெரிய தைரியம்.

எனக்குக் கவலை, அங்கே போய்ச் சில மாதம் ஆன பிறகு என்ன ஆகும் என்பதுதான்.

அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களைப் பற்றி லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955-இல் எழுதினார். போன புதிதில் தெம்பாக இருந்திருக்கிறார்கள். 6 முதல் 18 மாதம் வரை தங்கியவர்கள்தான் அதிகம் தவித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இப்படியே நடக்காது என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன, சரி. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். நம் தெருவில் அன்றுதான் மீன் வாங்கக் கூட்டம் நெரியும். அந்த வெறிச்சோடிய தெருவை யார் பழக்கித் தருவார்கள்?

இந்தப் பயிற்சி விமானம் ஏறுவதோடு முடியக்கூடாது. ஏழாவது, எட்டாவது மாதத்தில் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு மனுஷர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். தமிழிலேயே.