பல்லில் விழுந்த கோடு

என் மேல்வரிசை முன்பல்லில் குறுக்காக ஒரு கோடு உண்டு, நகத்தால் தடவினால் மெல்லிய பள்ளமாகத் தட்டுப்படும். சரியாகப் பல் துலக்காததால் வந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன மாதம் அதைப் பார்த்த பல் மருத்துவர், "மூன்று வயது வாக்கில் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விசாரித்தேன். காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஒரு மாதம் படுத்து எலும்பும் தோலுமாகிவிட்டேனாம்.

ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது சாப்பாடு போதாவிட்டாலோ கடும் நோய் வந்தாலோ பல்லின் கடினமான மேலுறையான எனாமல் படிவது தடைபடும், அந்த இடம் பள்ளமாகவே நின்றுவிடும். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், எனாமலுக்கு அது முடியாது. அதனால் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன ஒருவர் குழந்தையாக எந்த வயதில் வாடினார் என்பதைக்கூட அவருடைய பல்லை வைத்து ஓரளவு சொல்லிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் தங்கை ஒரு வீடியோ அனுப்பினாள். ஆதி மனிதன் கறி மட்டும்தான் சாப்பிட்டான், குழந்தைகளுக்குத் தானியமே கொடுக்காதீர்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவளுக்கு ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, பயந்துவிட்டாள்.

கறி சாப்பிட்டார்கள் என்பது உண்மைதான். எத்தியோப்பியாவின் பௌரியில் சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய விலங்கெலும்புகள் கிடைத்திருக்கின்றன, கல்லால் வெட்டிய தடமும், உள்ளே இருக்கும் மஜ்ஜைக்காக உடைத்த தடமும் அவற்றில் தெளிவாக இருக்கின்றன. ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஈராக்கின் ஷானிடார் குகையில் வாழ்ந்த நியாண்டர்தால்கள், அதாவது இன்று அழிந்துபோன ஒரு பழைய மனித இனத்தவர், அவர்களின் பற்காரையில் (பல்லில் படிந்து இறுகிய அழுக்கில்) மாவுச்சத்துத் துகள்கள் ஒட்டியிருந்தன, அதில் சில வெந்தவை. இஸ்ரேலில் கலிலேயா ஏரிக்கரையில் ஓகாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்றதில் 140க்கும் மேற்பட்ட தாவர வகைகள், காட்டு பார்லியும் உண்டு, அதை அரைத்த கல்லும் உண்டு. விவசாயம் வருவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்தது இது! தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களைப் பார்த்தாலும் கிழங்கு, பழம், தேன், கறி என்று பருவத்துக்குப் பருவம் தட்டு மாறிக்கொண்டே இருக்கிறது.

அதனால் "இதுதான் மனிதனின் இயற்கை உணவு" என்று ஒற்றைப் பொருளைக் காட்டுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. குறிப்பாக அது ஒரு குழந்தையின் தட்டு வரைக்கும் வரும்போது.

சரி, ஒற்றைப் பொருளையே நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாய்ஸில் டிக்சன் மவுண்ட்ஸ் என்ற புதைமேடுகள் இருக்கின்றன. வேட்டையும் சேகரிப்புமாக இருந்த அங்குள்ள மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்காச்சோளத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களின் பற்களில் என் பல்லில் இருப்பது போன்ற கோடுகள் அதிகமாகின, இரத்தசோகையோடு தொடர்புபடுத்தப்படும் மண்டையோட்டுத் துளைகளும் கூடின. மக்காச்சோளம் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒரே தானியத்தில் வயிறு நிறைந்தாலும் இரும்பும் நல்ல புரதமும் போதவில்லை, அதோடு நெருக்கமாகக் குடியிருந்ததில் தொற்றுநோயும் சேர்ந்துகொண்டது. வளர்கிற உடம்பு நோயோடு போராடினால் உயரத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதம் நிறைந்த கஞ்சி, மற்ற இரண்டில் புரதமே இல்லாத இனிப்புப் பானம், மருத்துவ வசதி எல்லோருக்கும். கஞ்சி குடித்த குழந்தைகள் கூடுதலாக வளர்ந்தார்கள், ஆனால் அந்தக் கூடுதல் வளர்ச்சி மூன்று வயது வரைதான் கிடைத்தது. அதற்கப்புறம் கொடுத்த கஞ்சி உயரத்தை மாற்றவில்லை. இந்த ஒரு தகவல் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டது.

தங்கைக்கு போன் செய்து, தானியத்தை நிறுத்தாதே, முட்டை, மீன், பருப்பு, காய், பழம் எல்லாம் மாறி மாறிப் போகட்டும், வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் ஒருநாள்கூட அசட்டையாக இருக்காதே என்று சொன்னேன். குழந்தை பக்கத்தில் எதையோ மென்றுகொண்டிருந்த சத்தம் கேட்டது. ஆறேழு வயதில் வெளியே வரப்போகும் அவளுடைய முன்பல்லுக்கு இப்போதுதான் ஈறுக்குள் எனாமல் படிந்துகொண்டிருக்கிறது.