சூரை மீன் வருகிற கிரேக்க நாடகம்

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற நாங்கள் ஆளுக்கொரு கிரேக்க நாடகம் எடுத்துக் கட்டுரை எழுத வேண்டும். வகுப்பில் பலரும் 'ஈடிபஸ்' கேட்டார்கள், மற்றவர்கள் 'ஆன்டிகனி', 'மெடியா'. நான் ஈஸ்கிலஸ் எழுதிய 'பெர்சியர்கள்', அதாவது பாரசீகர்கள், வேண்டும் என்றேன். கடல் சண்டை வருகிற நாடகம் என்று பேராசிரியர் சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. மண்டபம் பக்கம் மீனவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். அப்பா இன்றைக்கும் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஆங்கில நாடகங்களுக்கு 822 என்று எண். பரீட்சைக்கு வேண்டியதெல்லாம் அந்த அடுக்கிலேயே இருப்பதால் பெரும்பாலும் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. பழைய கிரேக்க நாடகங்கள் 882-இல், கடைசி ஜன்னலை ஒட்டிய அலமாரியில் அரைத் தட்டுக்கு இருக்கின்றன. அங்கேதான் ஃபிலிப் வெலகாட் மொழிபெயர்த்த பெங்குவின் பதிப்பு கிடைத்தது. முன்னட்டைக்குள் ஒட்டியிருந்த தேதித்தாளில் கடைசி முத்திரை நான் பிறப்பதற்கு முந்தையது. உப்புக்காற்றில் பின்கள் துருப்பிடித்து, அந்தத் துரு நாலைந்து பக்கங்களுக்கு இறங்கியிருந்தது. நூலகர் மேடம் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு ஆள் வந்துட்டியா, நல்லா இரு" என்று சொல்லிப் புது முத்திரை வைத்துக் கொடுத்தார்.

நாடகத்தின் கதை எளிது. கி.மு. 480-இல் சலாமிஸ் தீவுக்கும் கிரேக்கக் கரைக்கும் நடுவே உள்ள குறுகிய கடலில் பாரசீக மன்னன் செர்க்சஸின் கடற்படை தோற்றது. எட்டு ஆண்டு கழித்து, கி.மு. 472-இல், ஈஸ்கிலஸ் அதை ஏதென்ஸில் அரங்கேற்றினார். செலவை ஏற்றவர் பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான, அப்போது இளைஞராக இருந்த பெரிக்லிஸ். முதல் பரிசும் கிடைத்தது. நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களில், புராணக் கதையை விட்டு அந்தக் காலத்துச் சம்பவத்தையே எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது வேறு. கதை நடப்பது பாரசீகத் தலைநகரான சூசாவில். மேடையில் ஒரு கிரேக்கர்கூட வருவதில்லை. மன்னனின் தாய், ஊர்ப் பெரியவர்கள், தோல்விச் செய்தி கொண்டு வருகிற தூதன், செர்க்சஸின் இறந்துபோன அப்பா டேரியஸின் ஆவி, கடைசியில் கிழிந்த உடையோடு செர்க்சஸ், அவ்வளவு பேர்தான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில், அந்தக் கப்பல்களைச் சலாமிஸில் தண்டு வலித்து ஓட்டிய ஆட்களே நிறைய இருந்திருப்பார்கள். அரங்குக்கு மேலே அக்ரோபொலிஸ் குன்று. அதில் செர்க்சஸின் படை எரித்த கோயில்கள் இன்னும் இடிபாடாகவே நின்றன. அந்த இடத்தில் உட்கார்ந்து எதிரியின் தாய் அழுவதைக் கேட்டிருக்கிறார்கள்.

தூதன் பேசுகிற பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கப்பல்கள் நெருக்கத்தில் சிக்கி ஒன்றோடொன்று மோதித் துடுப்புகள் முறிகின்றன. கவிழ்ந்த கப்பல்களாலும் பிணங்களாலும் கடலே கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீரில் தத்தளிக்கிறவர்களைக் கிரேக்கர்கள், சூரை மீனை அடிப்பதுபோல, வலையில் பட்ட மீன் கூட்டத்தை அடிப்பதுபோல, முறிந்த துடுப்புகளாலும் பலகைத் துண்டுகளாலும் அடித்துக் கொல்கிறார்கள்.

இதை அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். வலையில் கண்ணி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "சூரையைத்தானே சொல்றான்? மண்டையில அடிச்சாத்தான் அடங்கும் தாயி. துள்ள ஆரம்பிச்சா படகுல நிக்க முடியாது. எழுதினவன் கடல்ல போனவனா?" ஈஸ்கிலஸ் பாரசீகருக்கு எதிராக முன்பு நடந்த மாரத்தான் போரில் சண்டையிட்டவர் என்றும், அவருடைய அண்ணனோ தம்பியோ ஒருவர் அங்கே எதிரிக் கப்பலைக் கையால் பிடித்தபோது கை வெட்டுண்டு இறந்தார் என்றும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்பா கேட்ட கேள்விதான் என்னை 882-ஐ விட்டு வரலாற்று அடுக்குக்கு அனுப்பியது. கிரேக்க நாட்டு வரலாறு 938. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் எட்டாம் புத்தகத்தில் இதே சண்டை வருகிறது. பாரசீகர் பக்கம் அத்தனை பேர் செத்ததற்கு அவர் சொல்லும் காரணம், பலருக்கு நீந்தத் தெரியாது என்பது. கிரேக்கர்கள் கப்பல் உடைந்தாலும் நீந்திக் கரைக்குப் போய்விட்டார்களாம். வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் இன்னொன்று சொல்கிறார்: கடலிலிருந்து வழக்கமாகக் காற்றும் அலையும் எழுகிற நேரத்துக்காக ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் காத்திருந்தார், தாழ்வான கிரேக்கக் கப்பல்களை அது ஒன்றும் செய்யவில்லை, உயரமான பாரசீகக் கப்பல்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது. பாம்பன் கால்வாயில் நீரோட்டம் மாறுவதற்குப் படகுகள் காத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஆனாலும் புளூட்டார்க் வாழ்ந்தது சுமார் ஐந்நூறு ஆண்டு பிந்தி. நாடகத்தில் இந்தக் காற்று இல்லை. அதனால் கட்டுரையில் அவரைத் தள்ளியே வைத்தேன்.

கப்பல் கணக்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பாரசீகக் கப்பல்கள் 1,207 என்ற எண்ணை நாடகமும் ஹெரோடோட்டஸும் தருகிறார்கள். இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று அதை நம்பிவிடக் கூடாது. ஹெரோடோட்டஸ் எழுதியது நாடகத்துக்குப் பிறகு. அங்கிருந்தே எடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்புறம் நூலகத்துக் கணினி. என்-லிஸ்ட் என்கிற, கல்லூரிகளுக்கான மின்னூல் சேவை வழியாக ஆய்வு நூல்களைப் படிக்கக் கல்லூரியிலேயே கணக்கு தருகிறார்கள். கேட்டு வாங்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். 'பெர்சியன்ஸ்' என்று மட்டும் தேடினால் ஈரான் அரசியலில் ஆரம்பித்துக் கம்பளம் வரைக்கும் வந்து கொட்டும். கூடவே ஈஸ்கிலஸ், சலாமிஸ் என்று சேர்த்தால் வழிக்கு வரும். பெர்சியஸ் என்ற இலவச இணைய நூலகத்தில் கிரேக்க மூலமும் ஆங்கிலமும் வரி எண்ணோடு கிடைக்கின்றன. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், வரி எண் மாறாது. சூரை மீன் உவமை 424-ஆம் வரி. எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே பகுதியில் கொஞ்சம் தள்ளி, செர்க்சஸ் கடலோரம் உயரமான ஒரு மேட்டில் ஆசனம் போட்டு உட்கார்ந்து சண்டையைப் பார்த்தான் என்று வருகிறது. நகைச்சுவை நாடகங்கள் எழுதிய அரிஸ்டோஃபனிஸின் 'குதிரைவீரர்கள்' நாடகத்தில், பாறைமேலிருந்து சூரைக்கூட்டம் வருகிறதா என்று நோட்டம் பார்க்கிறவன் உவமையாக வருகிறான். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயரத்தில் இருந்து மீன் பார்க்கிறவன் இடத்தில் மன்னன் உட்கார்ந்திருக்கிறான். கீழே மீனாகச் சாகிறவர்கள் அவனுடைய ஆட்கள். ஈஸ்கிலஸ் இதை நினைத்தே எழுதினாரா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்த அரங்கில் இருந்த மீன்பிடிகாரர்களுக்கு இது தோன்றாமல் இருந்திருக்காது என்றே கட்டுரையில் வாதாடியிருக்கிறேன்.

கடைசிக் காட்சிதான் கட்டுரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. பெரியவர்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, அவன் எங்கே, இவன் எங்கே என்று கேட்கிறார்கள். செர்க்சஸ் அழுதுகொண்டே பதில் சொல்கிறான். மார்பில் அடித்துக்கொள்கிறார்கள், தாடியைப் பிய்த்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற ஒப்பாரி இதே மாதிரிதான் நடக்கும். இந்த அழுகை எதிரியைக் கோழையாகவும் பெண் தன்மை உள்ளவனாகவும் காட்டுவதற்கே எழுதப்பட்டது என்று எடித் ஹால் போன்ற ஆய்வாளர்கள் வலுவாக வாதிடுகிறார்கள். அந்த வாதத்தைத் தட்டிவிட முடியாது. நாடகத்தில் பாரசீக ஆடம்பரத்தைக் காட்டும் வரிகள் ஏராளம். ஆனால் ஒப்பாரியைப் பக்கத்தில் இருந்து கேட்டவளுக்கு, அது வெறும் கேலியாக அரங்கில் நின்றிருக்கும் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி. தெமிஸ்டோக்ளிஸ் உட்பட ஒரு கிரேக்கத் தலைவன் பெயரும் நாடகத்தில் இல்லையே, ஏன்? ஒருத்தன் பெயரைச் சொன்னால் மற்றவர்களின் வெற்றி குறைந்துவிடும், அதனால் எல்லோரையும் ஏதென்ஸ் என்றே சொல்லிவிட்டார் என்றேன். பாரசீகர் பெயர்கள் மட்டும் அடுக்கடுக்காக வருகிறதே என்றார். அவர்களுக்காக அழ வேண்டியிருந்தது, பெயர் இல்லாமல் எப்படி அழுவது என்றேன். அதை எழுதிச் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்.

இந்த நாடகத்துக்கு கார்வி எழுதிய 2009-ஆம் ஆண்டு விரிவுரை நூலைக் கேட்டு நூலகத்தின் வாங்கும் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். விலை அதிகம், உடனே வராது. வெலகாட் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், 882-இல் இருக்கிறது. இளையவர்கள் யாராவது எடுத்தால் 353-ஆம் வரியில், தூதன் சண்டையைச் சொல்லத் தொடங்குகிற இடத்திலிருந்து படியுங்கள்.