மறுகட்டமைப்பும் எங்கள் மெயிலும்

5 ஜூலை 2025, சனி
சங்க அலுவலகம் மூடிய பிறகு சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி 13 இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து மறுபடி கட்டினேன். பில்ட்வேர்ல்ட், கெர்னல், இன்ஸ்டால்வேர்ல்ட், கடைசியில், அமைப்புக் கோப்புகளில் பழையதா புதியதா என்று கேட்டு மாற்றும் மெர்ஜ்மாஸ்டர். செம்பனைக் குலை லாரிகள் எல்லாம் சுங்கை சிப்புட்டைத் தாண்டிப் போன பிறகுதான் முடிந்தது. அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களைக் காட்டும் மெயில்க்யூ கட்டளையைத் தட்டினேன். காலி. வீட்டுக்குக் கிளம்பினேன்.

8 ஜூலை, செவ்வாய்
காலையில் கவுண்டரில் ஓர் அக்கா. "தம்பி, அப்பா சேமிப்புப் பணம் நேத்தே பாஸாயிடுச்சுன்னு சொன்னாங்க. மெயில் வரலையே." நாற்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவரின் பணம் அது. மனசு பதறியது.

வெளியிலிருந்து வரும் மெயில் சரியாக வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. மெயில்க்யூவை மறுபடி தட்டினேன். எங்கள் மெயிலைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸ் நிரல் என்றால் 'மெயில் க்யூ இஸ் எம்ப்டி' என்று சொல்லும். வந்ததோ '/வார்/ஸ்பூல்/எம்க்யூ இஸ் எம்ப்டி'. அது ஃப்ரீபிஎஸ்டியோடு கூடவே வரும் இன்னொரு மெயில் நிரலான சென்ட்மெயிலின் பேச்சு. அதன் இன்னொரு வரிசையான கிளையண்ட்எம்க்யூ அடைவைத் திறந்தால் 23 கடிதங்கள், ஒவ்வொன்றுக்கும் க்யூஎஃப், டிஎஃப் என்று இரண்டு கோப்பு.

இரவு
போஸ்ட்ஃபிக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தனியாக நிறுவும் நிரல்களுக்கான யூஎஸ்ஆர் லோக்கலில் இருக்கிறது, மறுகட்டமைப்பு அந்தப் பக்கமே போகாது. கை வைத்தது ஈடிசி மெயில் அடைவில் உள்ள மெயிலர்.கான்ஃப் கோப்பில். சென்ட்மெயில் என்று எந்த நிரல் கூப்பிட்டாலும் மெயில்ராப்பர்தான் எழுந்து வந்து, அந்தக் கோப்பைப் பார்த்து ஆளைக் கைகாட்டும். மெர்ஜ்மாஸ்டர் கேட்டபோது 'ஐ' (இன்ஸ்டால்) தட்டி, சென்ட்மெயிலைக் காட்டும் புதுக் கோப்பை நானே ஏற்றியிருக்கிறேன். சங்க மென்பொருள் அனுப்பியதெல்லாம் சென்ட்மெயிலிடம் போய், அது இதே சர்வரைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் கதவைத் தட்டியிருக்கிறது. எங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த முகவரியில் கேட்பதில்லை.

அந்த முகவரியையும் சேர்த்து போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்கினேன். பழைய சென்ட்மெயிலை லிப்எக்ஸெக் அடைவிலிருந்து நேராகக் கூப்பிட்டு வரிசையை ஓட்டினேன். 23ம் போய்ச் சேர்ந்தன. அக்காவுக்கு போன் செய்து சொன்னேன்.

9 ஜூலை, புதன்
போஸ்ட்ஃபிக்ஸைக் காட்டும் மெயிலர்.கான்ஃபை யூஎஸ்ஆர் லோக்கல் ஈடிசி மெயிலில் வைத்தேன். மெயில்ராப்பர் முதலில் பார்ப்பது அதைத்தான். மறுகட்டமைப்பில் சென்ட்மெயிலைச் சேர்க்காதே என்று எஸ்ஆர்சி.கான்ஃபில் வித்தவுட் சென்ட்மெயில் வரியும் போட்டாயிற்று. மெயில்ராப்பரை மட்டும் விலக்கக் கூடாது, அது போனால் வழிகாட்டவே ஆளில்லை.

26 ஜூலை, சனி
ஃப்ரீபிஎஸ்டி 14க்கு மாறினேன். 2023 நவம்பரில் 14.0 வந்ததிலிருந்து இயல்பான மெயிலர் சென்ட்மெயில் அல்ல, டிராகன்ஃபிளை மெயில் ஏஜென்ட். ஈடிசியில் உள்ள கோப்பு இப்போது அதைத்தான் காட்டுகிறது, காட்டட்டும். எனக்கே ஒரு கடிதம் அனுப்பி, போஸ்ட்ஃபிக்ஸ் பதிவில் அது போன வரியைப் பார்த்த பிறகே எழுந்தேன். நாளை டிலீட்-ஓல்ட் ஓட்டி, பழைய சென்ட்மெயில் கோப்புகளை எடுக்க வேண்டும்.