வாப்பாவின் டைரியில் தண்ணீர்க் கணக்கு

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியை ஒதுக்கியபோது வாப்பாவின் 2002-ஆம் வருடத்து டைரி கிடைத்தது. குவைத்தில் அவர்கள் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. கருநீல ரெக்சின் அட்டை, ஒவ்வொரு பக்கத்திலும் ஹிஜ்ரி தேதியும் ஆங்கிலத் தேதியும் இருக்கும். வாப்பா அங்கே குடோனில் ஸ்டோர் கீப்பர். கம்பெனிக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு கணக்கை இந்த டைரியில் அரபுத்தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். மொழி தமிழ், எழுத்து அரபு. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். உம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மளமளவென்று வாசித்தார்கள்.

பெரும்பாலும் அரிசி, பருப்பு, டின் பால் கணக்குத்தான். செப்டம்பர் தாண்டியதும் பக்கங்கள் மாறுகின்றன. தண்ணீர். ஒன்றரை லிட்டர் பாட்டில், பன்னிரண்டு போட்ட கட்டு, பேலட் பேலட்டாக. ரமலான் முதல் வாரத்துப் பக்கத்தில் கணக்குக்குக் கீழே ஒரு வரி தனியாக இருந்தது. “இன்றைக்கும் தண்ணீர். இடம் இல்லை. வெளியே தார்ப்பாய் போட்டு அடுக்கினோம்.” உம்மா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு டைரியை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ரமலானில் வாப்பா போனில் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பதினெட்டு வயது. கீழக்கரையில் எங்கள் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குத்தான் போன் வரும். ஈராக்கில் சண்டை வருமா என்று கேட்டேன். “தண்ணி நெறைய வருது வாப்பா. குடிக்கிறவன் இன்னும் வரல” என்றார்கள். (எங்கள் ஊரில் வாப்பாமாரும் பிள்ளைகளை வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.)

ஈராக்கிடம் ஆயுத ஆய்வுக்குக் கடைசி வாய்ப்பு என்று ஐநா பாதுகாப்பு அவை 1441-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2002 நவம்பர் 8 அன்று. அதுவும் அந்த ரமலானின் முதல் வாரம்தான். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, போர் கடைசி வழிதான் என்று வாஷிங்டனும் லண்டனும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இப்போது மறுபடியும் வளைகுடாவில் போர்ப் பேச்சு அடிபடுகிறது. அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெட்டிப் பாலத்தில் கூடும் எங்கள் ஜமாவில் வேறு பேச்சே கிடையாது. இவனும் அவனும் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டார்கள், அந்த நாடு உள்ளுக்குள் இடம் கொடுத்துவிட்டது, இந்த நாடு வாயால்தான் எதிர்க்கிறது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நடுவில் உச்சிப்புளி பருந்து கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போனால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிக்கப்படும். படித்தவர்கள் இதையெல்லாம் டீக்கடைக் கற்பனை என்று தள்ளிவிடுவது உண்டு. எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. இப்படிப்பட்ட பேச்சில் பாதி, பின்னாளில் உண்மை என்று காகிதத்தோடு வெளியே வந்திருக்கிறது.

2002 ஜூலை 23 அன்று லண்டனில் பிரதமர் பிளேர் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. வாஷிங்டன் போய்வந்த உளவுத்துறைத் தலைவர், அங்கே படையெடுப்பு தவிர்க்க முடியாதது என்றே நினைக்கிறார்கள் என்று சொன்னது அதன் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அந்தக் குறிப்பு பத்திரிகையில் வந்தது 2005 மே மாதம். கூட்டம் நடந்து ஐந்தாம் நாள் பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்பது அதன் முதல் வரி. ஈராக் போரில் பிரிட்டன் இறங்கியதை ஆராய்ந்த சில்காட் விசாரணை அறிக்கையோடு அது வெளியானது 2016 ஜூலையில். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போருக்கு வாக்களித்ததோ 2003 மார்ச் 18-இல். கடிதம் போய் கிட்டத்தட்ட எட்டு மாதம் கழித்துத்தான் சபையைக் கேட்டிருக்கிறார்கள்.

கடிதம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஈராக்கின் தெற்கே விமானம் பறக்கத் தடை போட்டிருந்த பகுதியில் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் பல வருடமாகக் காவல் சுற்றிக்கொண்டிருந்தன. 2002 நடுவிலிருந்து அந்தக் காவலின் பேரிலேயே ஈராக்கின் வான் பாதுகாப்பையும் தகவல் தொடர்புக் கம்பிகளையும் அடித்து நொறுக்கத் தொடங்கினார்கள். போர் தொடங்குவதற்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட குண்டுகள் போட்டாகிவிட்டது என்று அமெரிக்க விமானப்படைத் தளபதியே பிறகு சொன்னார். போர் 2003 மார்ச் 20-இல் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தெற்கு ஈராக்கில் வீடு வைத்திருந்தவனைக் கேட்டால் வேறு தேதி சொல்லுவான்.

சவூதி விஷயமும் அப்படித்தான். எங்கள் ஜமாவில் அன்று சத்தியம் பண்ணாத குறை, சவூதி ஒரு பிடி மண் தராது என்று. வெளியே அவர்கள் சொன்னதும் அதுதான். ஆனால் அந்தப் போரின் வான்படை முழுவதையும் நடத்திய கட்டளை மையம் ரியாத்துக்குத் தெற்கே இளவரசர் சுல்தான் தளத்தில் இருந்தது.

இதற்கெல்லாம் மூத்தது 1956. பாரீசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற இடத்தில் ஒரு வீட்டில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் கூடி அக்டோபர் 24-இல் கையெழுத்துப் போட்டன. இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும், மற்ற இரண்டும் சமாதானம் பண்ண வருவதுபோல் வந்து சூயஸ் கால்வாயைப் பிடிக்கும் என்பது ஏற்பாடு. 29-ஆம் தேதி இஸ்ரேல் இறங்கியது. மறுநாள் மற்ற இருவரும் கெடு வைத்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் தங்கள் பிரதியை அழிக்கச் செய்தார், பிரான்சிடம் இருந்ததையும் அழிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து, இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டியே தெரியாது என்றார். இஸ்ரேல் பிரதி பத்திரமாக இருந்ததால்தான் பிற்பாடு எல்லாம் உறுதியானது.

நம் கடற்கரைக்கும் இது புதிதல்ல. 1987 ஜூலை 29 கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது, மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. ஒரு ராத்திரியில் ஒரு படை மூட்டை கட்டிக் கிளம்பாது.

சரி, அப்படியானால் ஜமாவில் சொல்வதையெல்லாம் நம்பிவிடலாமா? அதுவும் முடியாது. வரப்போகும் படைக்கென்று இறங்கிய தண்ணீரை எழுதிய வாப்பாவின் கணக்கை எவ்வளவு நம்புகிறேனோ, அதே அளவு துருக்கிக் கதையையும் ஞாபகம் வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் நான்காம் காலாட்படைப் பிரிவு துருக்கி வழியாக வடக்கிலிருந்து ஈராக்குக்குள் நுழைவதாகத் திட்டம். டாங்கிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் மத்தியதரைக் கடலில் துருக்கிக் கரைக்கு அப்பால் வந்து காத்துக் கிடந்தன. கரையில் நின்று பார்த்தவன் எவனும், எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றுதான் சொல்லியிருப்பான். 2003 மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில் அதற்கு அனுமதி கேட்ட தீர்மானத்துக்கு ஆதரவாக 264, எதிராக 250, நடுநிலை 19. ஆதரவு அதிகம்தான், ஆனால் வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி. மூன்று ஓட்டு போதவில்லை. தீர்மானம் விழுந்தது. அந்தக் கப்பல்கள் சூயஸ் வழியாகச் சுற்றிக் குவைத்துக்குப் போயின.

அதனால் ஜமாவில் நான் கேட்பது ஒன்றுதான். யார் என்ன பேசினான் என்பதை விடுங்கள், எது எங்கே இறங்கியது, யார் இறக்கினான், அதைச் சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகும், ஆயத்தம் வேறு, வாக்குக் கொடுத்தது வேறு என்று பிரித்துப் பாருங்கள். தென்கடலுக்கு இறங்குகிறவன் ரேடியோ கேட்டாலும் நீரோட்டத்தைப் பார்க்காமல் வலை போடமாட்டான் இல்லையா?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். பெரிய நாடுகள் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் அந்த எட்டு மாதத்தில் நடுவில் நின்றது எங்கள் ஆட்கள். 1990-இல் சாச்சா (வாப்பாவின் தம்பி) குவைத்திலிருந்து பாலைவனம் கடந்து அம்மான் போய், ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து, ஒரு கைலியோடு வீடு சேர்ந்தவர். அந்த அனுபவம் இருந்தும் 2003-இல் வாப்பா வரவில்லை. ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, வீடு கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் கிடையாது. கான்கிரீட் போட இன்னும் நான்கு மாதச் சம்பளம் வேண்டும். முடிவாகவில்லை, முடிவாகவில்லை என்று ஒவ்வொரு நாளும் செய்தியில் சொன்னதை நம்பி, இன்னொரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டைரியில் தண்ணீரை எழுதிய அதே மனுஷர், அந்தச் செய்தியையும் நம்ப விரும்பினார்கள்.

பிப்ரவரியில் குவைத்தின் வட பாதியை ராணுவத்துக்கென்று மூடினார்கள். கம்பெனி மேலதிகாரிகள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். குடோன் ஆட்களின் பாஸ்போர்ட் கம்பெனி பெட்டியிலேயே இருந்தது. சைரன் ஊதியபோது எட்டுப் பேர் ஒரு அறைக்குள் இருந்து, ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வாசலில் ஈரத்துணி வைத்து அடைத்திருக்கிறார்கள். விஷவாயு முகமூடி யாருக்கும் கிடைக்கவில்லை. மார்ச் 29 அதிகாலை குவைத் நகரத்தில் கடலோரம் ஷர்க் சந்தைக்கட்டடத்துப் பக்கம் ஒரு ஏவுகணை விழுந்தது. அன்று எஸ்டிடி பூத்தில் உம்மா காலையிலிருந்து லுஹர் தொழுகை நேரம் வரை உட்கார்ந்திருந்தார்கள். லைன் கிடைக்கவே இல்லை. சாயங்காலம் வாப்பாவே கூப்பிட்டார்கள். ராத்தா வீட்டுக்கு ஜல்லி வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

வாப்பா மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் ராத்தா இருக்கிறாள்.

என் தம்பி இப்போது தோஹாவில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் இருக்கிறான். டைரி கிடைத்த அன்று ராத்திரி வீடியோ காலில் வந்தான். ஊர் உலகமெல்லாம் விசாரித்துவிட்டு, அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல காக்கா, எல்லாம் வழக்கம் போலத்தான்” என்றான். உம்மா என் கையிலிருந்து போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டார்கள்.

“தண்ணி வருதா?” என்று கேட்டார்கள்.