அந்த அம்மாவுக்கும் ஒரு பக்கம்

ஏப்ரல் 27, திங்கள்

பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன ஐயாவைப் பார்க்கப் போனேன். முதலில் முதுகு, இடுப்பெலும்பு, குதிகால். படுக்கைப் புண்ணுக்கு அறிகுறியாக எங்கும் ஒரு சிவப்புகூட இல்லை. மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவருக்குத் தோல் இப்படி இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், அவர் மனைவி, அந்த அம்மா, அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறார். மேஜைமேல் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மருந்துப் பெட்டி. ஒரு வேளை தப்பவில்லை.

நான் கிளம்பும்போது அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றுகிறதாம். உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்த்தேன்: 168/102. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தாலும் கிட்டத்தட்ட அதேதான். "உங்க மாத்திரை எங்கேம்மா?" என்றேன். அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். எல்லாக் குழியும் காலி.

"தீர்ந்துபோச்சு சிஸ்டர். நான் கடைக்குப் போயிட்டா இவரை யாரு பாத்துக்கறது?"

ஐயாவின் மருந்து மட்டும் தீருவதற்கு முன்பே எப்படியோ வந்துவிடுகிறது. மருத்துவரிடம் போனில் பேசி, பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஏப்ரல் 29, புதன்

முழுமைநோக்குச் செவிலியம், அதாவது நோயை மட்டும் பார்க்காமல் முழு மனிதரையும் பார்க்கும் செவிலியம், என்றாலே மசாஜ், இசை, தியானம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் எனக்கு அதன் அடிப்படை வேறு: நோயாளியின் கட்டிலருகே போனால் யார் யாரை நாம் பார்க்கிறோம் என்பதுதான்.

சிசிலி சாண்டர்ஸ் செவிலியாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவரானவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கினார். வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவுகளிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்று சொல்லி, அதை 'முழு வலி' என்று அழைத்தார். வலித்தணிப்புச் சிகிச்சையில் நோயாளியையும் குடும்பத்தையும் ஒன்றாகச் சேர்த்தே பார்க்கும் வழக்கம் இந்த வழியில் வந்ததுதான்.

அப்படியானால் அந்த அம்மாவின் 168-ம் என் வேலைதான். நோட்டில் அவர் பெயருக்கும் ஒரு பக்கம் திறந்தேன். தூக்கம், இரத்த அழுத்தம், மாத்திரை, முதுகு வலி, கடைசியாக வெளியே போனது எப்போது. இதைத் தனிச் சலுகையாக எழுதவில்லை. ஐயாவின் சிகிச்சையில் ஒரு பகுதியாகவே எழுதினேன்.

மே 2, சனி

அந்த அம்மாவுக்கு இன்று 150/94. மாத்திரை ஒழுங்காகப் போகிறது. தூக்கம்தான் இல்லை.

மே 5, செவ்வாய்

இன்று முழுக்க முதுகைக் காப்பாற்றும் பாடம். ஐயாவை அந்த அம்மா அக்குளில் கைகொடுத்து இழுத்துத்தான் கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு பேருக்கும் ஆபத்து. விழுந்துபோன பக்கத்துத் தோளில் தசைகளின் பிடி தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு நழுவும். இழுப்பவருக்கு இடுப்பு போகும்.

பழைய பெட்ஷீட் ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி அவருக்கு அடியில் போட்டோம். மேலே ஏற்றுவதற்கு ஒருவர் போதாது. கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நின்று, துணியின் ஓரத்தை உடம்போடு ஒட்டி இறுகச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருகாமல், எண்ணிக்கை சொல்லிச் சேர்ந்து நகர்த்த வேண்டும். ஒருக்களித்துத் திருப்புவதற்கு ஒரே ஆள் போதும்: அவருடைய முழங்காலை மடக்கிவைத்து, தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் தன் பக்கம் உருட்டினால் பாதி வேலையை அவர் எடையே செய்துவிடும்.

அந்த அம்மா செய்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? மூச்சே வாங்கலையே" என்றார். சுயபராமரிப்பு என்று வருகிற அறிவுரைகளில் இது ஏன் முதலில் வருவதில்லை என்று எனக்கு ஆதங்கம்.

மே 8, வெள்ளி

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. மொத்தம் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். தாளை நீட்டாமல் பேச்சுவாக்கிலேயே கேட்டேன். ஐயா பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்ற கேள்வியில் அந்த அம்மா நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வருது சிஸ்டர். அப்புறம் அழுகையும் வருது. நான் கெட்டவளா?" என்றார்.

இல்லை அம்மா. தூக்கமில்லாத உடம்பு அப்படித்தான் பேசும். ஐயா பத்திரமாகப் படுத்திருந்தால், கட்டில் தடுப்பைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் ஐந்து நிமிடம் இருங்கள், ஒன்றும் ஆகாது என்றேன்.

1999-ல் வெளியான ஒரு ஆய்வு நினைவில் இருக்கிறது. 66 வயதுக்கு மேல் வாழ்க்கைத்துணையைப் பராமரித்து, அதனால் மனதளவில் நெருக்கடியில் இருந்தவர்களுக்கு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் நெருக்கடி இல்லாதவர்களிடம் அப்படி ஒரு உயர்வு தெரியவில்லை. பராமரிப்பதே ஆளைக் கொல்வதில்லை. மாற்று ஆள் இல்லாமல், நெருக்கடியிலேயே கிடப்பதுதான் ஆபத்து என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மே 12, செவ்வாய்

செவிலியர் தினம். 1820-ல் இதே நாளில் பிறந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் சொன்ன ஒன்றை எங்களில் பலர் மறந்துவிட்டோம். நீ இருக்கும்போது நடப்பது, நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வது செவிலியின் முக்கியமான திறமை என்றார். எல்லாவற்றையும் தானே தாங்குவதை அவர் மெச்சவில்லை.

அமெரிக்கச் செவிலியர் சங்கம் 2001-ல் வெளியிட்ட நெறிமுறை, மற்றவர்களுக்குச் செய்யும் கடமையைச் செவிலி தனக்கும் செய்ய வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனமும் பணிச்சோர்வை, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவாகவே விவரிக்கிறது. அதாவது வேலையை அமைக்கும் விதத்திலும் கோளாறு இருக்கலாம். தியான வகுப்பு நடத்திவிட்டு அதே வாரத்தில் இரட்டை ஷிப்ட் போட்டால், அந்த வகுப்பால் என்ன பயன்? வார்டில் இருக்கும் தோழிகளுக்கு நான் கேட்பதெல்லாம் போதுமான ஆளும், குறுக்கீடு இல்லாத ஓய்வு நேரமும்தான்.

மே 16, சனி

ஐயாவின் தம்பி வந்திருக்கிறார். "அண்ணி, சொல்லிக்கொடுத்தா நான் செய்ய மாட்டேனா?" என்று அவர் கேட்டதும் அந்த அம்மா என்னைப் பார்த்தார். நம்பி விடலாமா என்ற தயக்கம் முகத்தில் தெரிந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். எந்த மணிக்கு எந்தப் பக்கம். சாப்பிடவோ குடிக்கவோ எது கொடுத்தாலும் நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிது சிறிதாக. கொடுத்த பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இருமினால் உடனே நிறுத்த வேண்டும். எப்போது எனக்குப் போன், எப்போது நேராக ஆம்புலன்ஸ்.

அந்த அம்மா சொல்லச் சொல்ல இன்னும் சேர்ந்தது: விளக்கை அணைத்தால் ஐயா பயப்படுவார், இடது காதில் பேசினால்தான் கேட்கும். இதெல்லாம் எந்தக் கேஸ் ஷீட்டிலும் இல்லை.

மே 18, திங்கள்

இரண்டு இரவும் தம்பிதான் பார்த்துக்கொண்டார். முதல் ராத்திரி அந்த அம்மா மூன்று முறை எழுந்து வந்து எட்டிப் பார்த்தாராம், இரண்டாம் ராத்திரி வரவில்லை. இன்று 138/86. ஐயாவின் தோலும் அப்படியே நன்றாக இருக்கிறது. இனி வாரம் இரண்டு இரவு தம்பி முறை என்று பேசி முடித்திருக்கிறார்கள். படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடக் கற்றுக்கொள்ள வேண்டுமாம் அவருக்கு. புதன்கிழமை காலை வந்து காட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.